கானலும் கடலும்

கொடைக்கானல் என்ற பெயரில் இருக்கும் 'கானல்' என்ற சொல்லுக்குக் காடு, சோலை என்று பொருள் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். பழந்தமிழ் கொஞ்சம் படித்தவர்களுக்கு அந்தச் சொல் வேறு ஒரு வாசனையையும் கொண்டுவரும். உப்புக் காற்றும் மீனும் கலந்த வாசனை. சங்கப் புலவர்கள் கானல் என்று பாடினால் பெரும்பாலும் அது புன்னையும் தாழையும் பூத்துக் கிடக்கும் கடற்கரைச் சோலைதான். சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் யாழை வாங்கி வாங்கிப் பாடி, ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டு பிரிந்தார்களே, அந்தப் பகுதிக்கு இளங்கோவடிகள் 'கானல்வரி' என்றுதான் பெயர் வைத்தார். நெய்தல் நிலத்துச் சொல் ஒன்று 7,000 அடி உயர மலைமேல், குறிஞ்சி நிலத்தில் வந்து குடியேறியிருக்கிறது.

வட்டக்கானலில் இந்த வேடிக்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது. கொடைக்கானல் ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர் அது. அங்கிருந்து கீழே இறங்கினால் பள்ளத்தாக்கின்மேல் நீட்டிக்கொண்டு ஒரு பாறை நிற்கிறது. அதற்கு 'டால்பின் நோஸ்' என்று பெயர். கடலையே பார்த்தறியாத பாறைக்குக் கடல் பிராணியின் மூக்கு! கீழே பெரியகுளத்துப் பக்கம் மேகம் வந்து அடைத்துக்கொள்ளும் காலை நேரங்களில், பெயர் வைத்தவரைக் குறை சொல்லத் தோன்றாது.

கொடைக்கானல் ஏரியின் கதையும் இப்படித்தான். மதுரைக் கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்சு 1863-இல் ஓடையை மறித்துக் கரை போட்டு அந்த ஏரியை உண்டாக்கினார். அதில் மிதக்கவிட்ட முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. ஆளும் மாடும் ஏறும் பாதைதான். வெள்ளைக்காரத் துரைகளும் துரைசானிகளும் நாற்காலியிலும் டோலியிலும் ஏறுவார்கள்; நாலு பேர் தூக்குவார்கள். அப்படியானால் அந்தப் படகும் மனிதத் தோள்களின்மேல்தான் மலையேறியிருக்க வேண்டும். லெவிஞ்சின் பெயரைக் கொடைக்கானல் மறக்கவில்லை. படகு தூக்கியவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்தப் படகு ஞாபகத்தை என் மனத்தில் கிளப்பிவிட்டவர் வட்டக்கானலில் ஒரு டீக்கடைக்காரர். ஒரு நாவலை முடிப்பதற்காக அங்கே ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வெளிநாட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து தங்கும் ஊர் அது. ஒரு நாள் கடையில், அவருடைய பையன் கைப்பேசியில் ஒரு படத்தை ஓடவிட்டு என்னிடம் நீட்டினான். இளம் தம்பதி ஒருவர்; பாய்மரப் படகு; தென்னை மரத் தீவுகள்; படகின் மூக்கில் காற்று வாங்கிக்கொண்டு ஒரு நாய். வருஷக் கணக்காக இப்படியே தீவு தீவாகப் போய்க்கொண்டிருக்கிறார்களாம். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நாய் சுகமா இருக்கு சார்" என்றார். பிறகு பாலை ஆற்றிக்கொண்டே, "அது சரி, இவங்களுக்கெல்லாம் சோறு யார் போடுறா?" என்று கேட்டார்.

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னோடு அறைக்கு வந்துவிட்டது. நாவல் அன்று நகரவில்லை. கடலில் உல்லாசமாகப் போன தம்பதிகளின் சரித்திரத்தை யோசித்துக்கொண்டே போனால், ஒவ்வொரு கதையின் அடியிலும் அந்தக் கேள்வி நங்கூரம் போல் கிடக்கிறது. அந்தச் சரித்திரத்தில் தமிழர்களுக்கு ஒரு பெரிய பங்கும் இருக்கிறது.

*

முதலில் நம் வீட்டுச் சமாசாரத்தைப் பார்த்துவிடலாம். தமிழன் கடலுக்கு அஞ்சியவன் அல்ல. கடல் கடந்தாவது பொருள் தேடு என்று ஔவையே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஆனால் அவள் சொன்னது பொருள் தேட. ஊர் சுற்ற அல்ல. அதிலும் மனைவியை அழைத்துக்கொண்டு கடற்பயணம் போகும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது. உரைகாரர்களும் பின்வந்த அறிஞர்களும் அதற்குப் பலவாறு பொருள் சொல்லிச் சண்டை போட்டதுண்டு. எப்படியானாலும், நம் காவியங்களில் கப்பல் ஏறுகிறவன் கணவன். கரையில் நிற்கிறவள் மனைவி.

மணிமேகலையில் வரும் ஆதிரையை நினைத்துப் பாருங்கள். கணவன் சாதுவன் கைப்பொருளையெல்லாம் தொலைத்துவிட்டுக் கப்பல் ஏறுகிறான். கப்பல் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் தீவில் கரை ஏறுகிறான். அந்தத் தீவில் அவன் பட்டதும் கண்டதும் ஒரு தனிக் கதை. இங்கே ஊரில், அவன் இறந்துவிட்டான் என்ற சேதியைக் கேட்டு ஆதிரை தீ வளர்த்து இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை என்று சாத்தனார் அவளைக் காப்பாற்றிவிடுகிறார். நாவலாசிரியன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு குறை உண்டு. தீவின் அதிசயமெல்லாம் சாதுவனுக்கு. தீ மட்டும் ஆதிரைக்கு. இரண்டு பேரும் ஒரே கப்பலில் போயிருந்தால் கதையே வேறு.

அப்படி ஒரே கப்பலில் போனவர்கள் மேற்கே கிளம்பினார்கள். 1815 அக்டோபர் 23-ஆம் தேதி, அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து 'டிரையட்' என்ற பாய்க்கப்பல் புறப்பட்டது. அதில் ஐந்து பாதிரிமார்கள். அவர்களில் நால்வர் அண்மையில் மணமானவர்கள், மனைவியரோடு வந்தவர்கள். டேனியல் பூவர் என்பவருக்கும் சூசன் என்ற பெண்ணுக்கும் கல்யாணமாகி இரண்டு வாரந்தான் ஆகியிருந்தது. ஐந்து மாதம் கடலில் கிடந்து, 1816 மார்ச்சு 22-ஆம் தேதி கொழும்பில் இறங்கினார்கள். அங்கிருந்து பெரும்பாலோர் யாழ்ப்பாணத்துக்குப் போனார்கள்.

உல்லாசப் பயணம் அல்ல அது. திரும்பி வருவோம் என்ற எண்ணமே இல்லாமல் வந்தவர்கள். எட்வர்டு வாரன் 1818-லும், சூசன் 1821-லும், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1822-லும் காலமானார்கள். அவர்களுடைய மதத்தைப் பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும் சரி, 1823-இல் அவர்கள் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியைப் பற்றி ஒரு சங்கதி சொல்ல வேண்டும். அங்கே படித்த பிள்ளைகளில் ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. ஏட்டுச் சுவடியில் செல்லரித்துக்கொண்டிருந்த பழந்தமிழ் நூல்களை அச்சுக்குக் கொண்டுவந்த பெரியவர்களில் முன்னவர். அவர்தான் 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பதிப்பித்தார். மனைவியோடு கடல் கடந்து வந்தவர்கள் கட்டிய பள்ளியில் படித்தவர், மனைவியோடு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்ற சூத்திரத்தை அச்சில் ஏற்றினார். சரித்திரம் இப்படியெல்லாம் நகைச்சுவை செய்யும். யாரும் சிரிக்கவில்லை என்றாலும் கவலைப்படாது.

வட்டக்கானலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மிஷனின் கிளையாக 1834-இல் மதுரையில் அமெரிக்க மிஷன் ஏற்பட்டது. சமவெளியின் காய்ச்சலும் வாந்திபேதியும் குடும்பங்களை வாரிக்கொண்டு போயின. முதலில் சிறுமலைக்கு ஓடிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பிறகு பழனி மலையின் உச்சிக்கு ஏறி, 1845-இல் இரண்டு வீடுகள் கட்டினார்கள். ஒன்றுக்கு 'சன்னிசைடு', மற்றொன்றுக்கு 'ஷெல்டன்' என்று பெயர். இன்று லட்சக்கணக்கானோர் சாக்லேட்டும் தைலமும் வாங்க வரும் கோடை வாசஸ்தலத்தின் தொடக்கம் அந்த இரண்டு வீடுகள். பளியரும் புலையரும் மன்னாடியாரும் அதற்கு முன்பே அந்த மலையில் இருந்தார்கள் என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். ஆக, கொடைக்கானல் என்ற ஊரே ஒரு வகையில் 'டிரையட்' கப்பலின் பேத்தி.

*

பாதிரிமார் காலம் போய், பொழுதுபோக்காகக் கடலுக்குப் போகும் காலம் வந்தது. நீராவிக் கப்பல் வந்து பாய்மரத்தின் வயிற்றில் அடித்த பிறகுதான், பாய்மரம் சிலருக்கு விளையாட்டாக மாறியது. பிழைப்புக்கு வேண்டியிருக்கும் வரை எந்தக் கருவியும் விளையாட்டுப் பொருள் ஆவதில்லை. மாட்டு வண்டியில் தினம் போகிறவனுக்கு மாட்டு வண்டிச் சவாரி சந்தோஷம் தருமா?

ஜாக் லண்டன் என்ற அமெரிக்க நாவலாசிரியரை நம் வாசகர்கள் அறிவார்கள். அவர் புகழின் உச்சியில் இருந்தபோது சொந்தத்தில் ஒரு பாய்ப்படகு கட்டினார். 'ஸ்னார்க்' என்று பெயர். 7,000 டாலரில் முடியும் என்று நினைத்தது 30,000 டாலர் தின்றது. வீடு கட்டிய நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1907 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோ குடாவிலிருந்து மனைவி சார்மியனோடு கிளம்பினார். ஏழு வருஷத்தில் உலகத்தைச் சுற்றிவருவதாகத் திட்டம். ஹவாய், மார்க்கேசாஸ், தாஹிதி, சமோவா, பிஜி, சாலமன் தீவுகள் என்று போனார்கள். சார்மியன் சும்மா உட்கார்ந்து வரவில்லை. தன் முறை வரும்போது சுக்கான் பிடித்தாள். கணவன் எழுதியதைத் தட்டெழுத்தில் அடித்தாள். தானும் நாட்குறிப்பு எழுதிப் பிற்பாடு புத்தகமாக்கினாள். அவர் கடலிலும் தினம் 1,000 வார்த்தை எழுதுவதை விடவில்லை. 'மார்ட்டின் ஈடன்' நாவலில் பெரும்பகுதி அந்தப் படகில் எழுதப்பட்டது. மலையில் அறை எடுத்தும் ஒரு பக்கம் நகராத என் போன்றவர்கள் இதைப் படிக்காமல் இருப்பது மனத்துக்கு நல்லது.

நாய்க்கு வருகிறேன். சாலமன் தீவுகளில் வேறு ஒரு கப்பலிலிருந்து 'பெகி' என்ற ஐரிஷ் டெரியர் குட்டி ஒன்று அவர்களிடம் வந்து சேர்ந்தது. சார்மியனுக்கு அதன்மேல் உயிர். கப்பலில் நாய் எதற்கு என்று கேட்கலாம். தர்மபுத்திரர் சொர்க்கத்துக்குப் போகும்போதே, நாயை ஏற்றாத விமானம் வேண்டாம் என்று நின்றுவிட்டார். பெரிய பயணங்களில் மனிதனுக்கு ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது. அது பேசாத சாட்சியாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்தத் தீவுகளில் கப்பல் நாய்க்கு இன்னொரு வேலையும் இருந்தது. அந்தக் காலத்தில் சாலமன் தீவு மக்களைக் கரும்புத் தோட்டத்துக்கும் தேங்காய்த் தோட்டத்துக்கும் கூலிகளாக ஏற்றிவரும் கப்பல்கள் உண்டு. அவற்றில் நாய்களை வளர்த்தது, கறுப்பு மனிதர்களைக் கண்டு குரைப்பதற்காக. லண்டன் பிற்பாடு 1917-இல் வெளிவந்த 'தீவுகளின் ஜெர்ரி' என்ற நாவலில் அப்படிப்பட்ட நாயையே கதாநாயகனாக்கினார். நாயின் அன்பை அவர் எழுதிய அழகை மறுக்க முடியாது. அந்த நாய் யாரைக் கண்டு குரைக்கப் பழக்கப்பட்டது என்பதையும் நம்மால் மறக்க முடியாது. இலங்கை மலைத் தோட்டங்களுக்கும் பிஜித் தீவின் கரும்புக் காட்டுக்கும் நம் ஜனங்களும் அந்த மாதிரிக் கப்பல்களில்தானே போனார்கள்?

ஏழு வருஷப் பயணம் இரண்டு வருஷம்கூட நீடிக்கவில்லை. காய்ச்சலும் புண்ணும் சேர்ந்து லண்டனைப் படுக்கையில் தள்ளின. 1908 கடைசியில் சிட்னி ஆஸ்பத்திரியோடு உல்லாசப் பயணம் முடிந்தது.

*

இனிச் சொல்லப்போவதுதான் நான் சொல்ல நினைத்த கதை.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க இளைஞர் 1928-இல் 32 அடி நீளமுள்ள ஒரு பாய்ப்படகில் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார். படகுக்கு அவர் வைத்த பெயர் 'ஸ்வாப்'. சம்ஸ்கிருதச் சொல். நாம் சொப்பனம் என்கிறோமே, அதே வேர். தாஹிதிக்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மூன்று வருஷத்துக்கு மேல் கடலில் அலைந்து, 1931-இல் ஊர் திரும்பினார். அதுவரை அவ்வளவு சிறிய படகு எதுவும் உலகத்தைச் சுற்றியதில்லை என்று பேர் கிடைத்தது. புத்தகம் எழுதினார், புகழ் வந்தது. பெண்ணும் கிடைத்தது.

பெண்ணின் பெயர் புளோரன்ஸ் கிரேன். தகப்பனார் ரிச்சர்டு கிரேன் குழாய், வால்வு, குளியலறைச் சாமான்கள் செய்து கோடீசுவரரானவர். மாஸச்சூஸெட்ஸில் இப்ஸ்விச் என்ற ஊரில் கடலைப் பார்த்த குன்றின்மேல் அவர்களுக்கு அரண்மனை போன்ற மாளிகை. அந்த மாளிகையைவிட 32 அடிப் படகு மேல் என்று அந்தப் பெண் நினைத்தாள். 1933-இல் புதுத் தம்பதி 'ஸ்வாப்' படகில் தெற்கே புறப்பட்டார்கள். உறவினர் ஒருவரும் கூட இருந்தார். மேற்கிந்தியத் தீவுகளின் கடல், பனாமா, பிறகு பசிபிக் சமுத்திரத்தில் காலபகோஸ் தீவுகள். டார்வின் ஆமைகளையும் குருவிகளையும் பார்த்து யோசித்த தீவுகள் அவை.

அங்கே 1934 பிப்ரவரியில், மனித வாசமே இல்லாத ஒரு குடாவில், ராபின்சனுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. வைத்தியர் இருக்கும் பனாமா சுமார் 1,000 மைல். இந்த இடத்தில் நாவலாசிரியன் எழுதினால், மிகையாக எழுதுகிறான் என்று வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். ஆனால் நடந்தது இதுதான். சூரை மீன் பிடிக்கும் படகு ஒன்று தற்செயலாக அங்கே வந்தது. அதில் ரேடியோ இருந்தது. சேதி பறந்தது. பனாமாவிலிருந்து கடல் விமானங்களில் வைத்தியர்கள் வந்து அங்கேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். 'ஹேல்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வந்து நோயாளியை ஏற்றிச் சென்றது. ராபின்சன் பிழைத்தார். 'ஸ்வாப்' அவர்களிடம் திரும்பி வரவில்லை. சொப்பனம் அந்தத் தீவுகளோடு போயிற்று.

கணவன் பக்கத்திலேயே இருந்து அந்த நாட்களைக் கழித்த புளோரன்ஸை எண்ணும்போது எனக்கு ஆதிரை ஞாபகம் வருகிறது. ஒரே கப்பலில் போனால் தீயும் ஒரே இடத்தில்தான். கரையில் நின்று சேதிக்குக் காத்திருப்பதைவிட அது மேல் என்றுதான் நினைக்கிறேன். அதோடு, டீக்கடைக்காரரின் கேள்விக்கும் இங்கே பாதிப் பதில் இருக்கிறது. தனிமையை நாடிப் போன தம்பதியைக் காப்பாற்றியது, பிழைப்புக்காகக் கடலில் வலை போட்டுக்கொண்டிருந்தவர்களின் படகு.

*

படகை இழந்த ராபின்சன் கடலை விடவில்லை. பாய்க்கப்பல்கள் உலகத்தின் துறைமுகங்களிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்த காலம் அது. இன்னும் பாய்க்கப்பலைக் கட்டிப் பாய்க்கப்பலிலேயே வியாபாரம் செய்துகொண்டிருந்த சில இடங்களில் ஒன்று, இலங்கையின் வடகரையில் இருக்கும் வல்வெட்டித்துறை.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக்காரர்கள் வங்காள விரிகுடாவைத் தங்கள் கொல்லைப்புறம் போல் பாவித்தவர்கள். வாடைக் காற்றுக்கும் சோழகத்துக்கும் கணக்கு வைத்துக்கொண்டு நாகப்பட்டினம், ரங்கூன், அக்கியாபு என்று போவார்கள். பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும் வரும். கப்பலின் தலைவனைத் தண்டையல் என்பார்கள். நட்சத்திரத்துக்கு அவர்கள் பேச்சில் 'வெள்ளி' என்று பெயர். வெள்ளி பார்த்து வழி பிடிப்பார்கள். கப்பலைக் கட்டியதும் அந்த ஊர்க் கடற்கரையில், அந்த ஊர் மேத்திரிமார்தான். வேப்ப மரத்தில் கட்டுவார்கள். நாம் பல் துலக்கக் குச்சி ஒடிக்கும் வேம்பு அவர்கள் கையில் கடல் கடக்கும் மரமாகிவிடும்.

அப்படி 1930-இல் கட்டப்பட்ட கப்பல் 'அன்னபூரணி'. நீளம் 89 அடி, அகலம் 19 அடி, இரண்டு பாய்மரம். அரிசி ஏற்றிவரும் ஊரில் கட்டிய கப்பலுக்குச் சோறு போடும் தேவியின் பெயரைவிடப் பொருத்தமான பெயர் எது? அந்தக் கப்பலை ராபின்சன் வாங்கினார். வாங்கியவுடன் அதன் பெயரை மாற்றி, மனைவியின் பெயரை வைத்தார்: 'புளோரன்ஸ் சி. ராபின்சன்'. நடுவில் வரும் 'சி' கிரேன் குடும்பத்தின் பெயர். காசியில் பிச்சையிடும் அம்மன் பெயர் போய், குளியலறைச் சாமான் வியாபாரி மகளின் பெயர் வந்தது. ஷாஜகான் கல்லில் கட்டினார். இவர் வேப்ப மரத்தில் எழுதினார். மனைவிமேல் வைத்த பிரியத்தைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன இருக்கிறது? பணம் கொடுத்தவர் பெயர் வைப்பது கப்பல் உலகத்து வழக்கமுந்தான்.

1937-இல் அந்தக் கப்பல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. ஏடன், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர். அதுவரைக்கும் கரை அடுத்தடுத்து வரும். அதற்கப்பால் அட்லாண்டிக் சமுத்திரம். வங்காள விரிகுடாவின் காற்றையும் நீரோட்டத்தையும் பிள்ளைப் பிராயத்திலிருந்து அறிந்தவர்களுக்கு அந்தச் சமுத்திரத்தின் குணம் தெரியாது. குளிர் தெரியாது. அட்லாண்டிக்கின் நடுவே பெர்முடா தீவைத் தொட்டுக்கொண்டு, 1938 ஆகஸ்டு 1-ஆம் தேதி மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து குளோஸ்டர் துறைமுகத்துக்குள் கப்பல் நுழைந்தது. வேட்டி உடுத்துப் பழகியவர்கள் பாய் சுருட்டி நின்ற கப்பலைப் பார்க்க ஜனங்கள் கூடினார்கள். பத்திரிகைகள் படம் போட்டன.

குளோஸ்டர் எங்கே இருக்கிறது என்று தேசப்படத்தைப் பாருங்கள். 1815-இல் 'டிரையட்' புறப்பட்ட நியூபரிபோர்ட்டுக்கும் அதற்கும் 30 மைலுக்குள்தான். இடையில் இருப்பது இப்ஸ்விச், புளோரன்ஸின் பிறந்த வீட்டு மாளிகை. அந்தக் கரையிலிருந்து புதுத் தம்பதிகளை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 123 வருஷம் கழித்து, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கப்பல், ஒரு தம்பதியின் பெயரைத் தாங்கிக்கொண்டு அதே கரைக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் கப்பலில் வந்தவர்களின் பெயர்களை நாம் கல்லூரிகளிலும் கோயில் சுவர்களிலும் படிக்கிறோம். இரண்டாவது கப்பலில் போனவர்களின் பெயர்களை வல்வெட்டித்துறை மறக்கவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்குத்தான் தெரியாது.

*

பிற்பாடு நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராபின்சன் இப்ஸ்விச்சில் கப்பல் கட்டும் தளம் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் அது அரசாங்கத்துக்குப் படகுகள் கட்டித் தள்ளியது. தமக்கென்று 'வருவா' என்ற 70 அடிப் பாய்க்கப்பலைக் கட்டிக்கொண்டார். தாஹிதி மொழியில் அதற்கு ஆன்மா என்று பொருள். போர் முடிந்ததும் 1945-இல் அதில் ஏறித் தாஹிதிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். புளோரன்ஸோடு இல்லை, அந்த மணவாழ்க்கை முடிந்துபோயிருந்தது. கப்பலில் எழுதிய பெயரும் அவ்வளவுதான். ஆனால் தாஹிதியில் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். அந்தத் தீவு மக்களை வாட்டிய யானைக்கால் நோயை ஒழிப்பதற்கான ஆராய்ச்சிக்கு முன்னின்று உழைத்தார். கும்பகோணத்திலும் சென்னையிலும் யானைக்காலைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதன் அருமை தெரியும். தீவுகளை வேடிக்கை பார்க்கப் போனவர் தீவு மனிதர்களின் காலைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். மனிதர்களைப் பற்றி நான் அதிகம் மதிக்கும் மாற்றம் இந்த மாதிரி மாற்றந்தான்.

தொல்காப்பியச் சூத்திரத்துக்கும் காலம் ஒரு பதில் சொல்லிவிட்டது. 2024 அக்டோபர் 2-ஆம் தேதி, 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்ப்படகில் இந்தியக் கடற்படையின் இரண்டு பெண் அதிகாரிகள் கோவாவிலிருந்து உலகத்தைச் சுற்றக் கிளம்பினார்கள். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. ஆண் துணை கிடையாது. தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றி, எட்டு மாதத்தில், 2025 மே மாதக் கடைசியில் திரும்பி வந்தார்கள். மனைவியாகக்கூட அல்ல, மாலுமியாகவே ஒரு தமிழ்ப் பெண் கடலுக்குப் போய் வந்துவிட்டாள். 'தாரிணி' என்பதும் கடலோடிகளைக் காக்கும் ஒரு தேவியின் பெயர். அந்தப் பெயரை யாரும் மாற்றவில்லை என்பது எனக்கு ஒரு திருப்தி.

குளோஸ்டர் துறைமுகத்தில் சுக்கானைப் பிடித்து நிற்கும் மீனவனுக்கு 1925-இல் ஒரு சிலை வைத்தார்கள். அந்த ஊரிலிருந்து போய்க் கடலில் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர்; அவர்களுடைய பெயர்களையும் பிற்பாடு பலகைகளில் பொறித்து அந்தச் சிலையைச் சுற்றி வைத்தார்கள். பிழைப்புக்காகக் கடலுக்குப் போனவர்களுக்கும் பெயர் உண்டு என்று அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது.

உல்லாசப் படகின் மூக்கில் நாய் நிற்கும் படத்தை உலகம் முழுவதும் பார்க்கிறது. பார்க்கட்டும், அழகாகத்தான் இருக்கிறது. ஒரு தம்பதி பெயர் எழுதிய கப்பலில், தெரியாத சமுத்திரத்தின் குளிரில், பாய் விரித்துக் கயிறு இழுத்த வல்வெட்டித்துறைக்காரர்கள் ஐந்து பேர். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. சின்னத்தம்பி சிதம்பரப்பிள்ளை. தாமோதரம்பிள்ளை சபாரத்தினம். பூரணவேலுப்பிள்ளை சுப்பிரமணியம். ஐயாத்துரை இரத்தினசாமி. வாசகர்கள் ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு அப்புறம் பக்கத்தைப் புரட்டுங்கள்.